மண்ணுக்குப் போகாத மருந்து

"தேவையில்லை" என்ற சொல்லை நான் இன்றுவரை நம்பியதில்லை. "எங்களுக்கு எதுவும் தேவையில்லை, பொண்ணு வந்தாப் போதும்" என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரையும் நம்பியதில்லை. "இந்தப் பூச்சிமருந்துக்கு மண்வாழ் உயிரிகள் மீதான சோதனை தேவையில்லை" என்று முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்பும் கம்பெனிகளையும் நம்பியதில்லை. செலின் மேடத்துக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. அந்தச் சந்தேகத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சோதனையை எப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. தட்டில் மண்ணை நிரப்பி, மருந்தைக் கலந்து, மண்புழுவை விட்டுப் பார்ப்பதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். கஷ்டமான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. இந்தச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு ஆள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மருந்து மண்ணுக்கே போகாது என்றால் வேண்டாம். போனாலும் உடனே சிதைந்துவிடும் என்றால் பெரும்பாலும் வேண்டாம். வீணாகப் புழுவைக் கொல்வதில் யாருக்கும் புண்ணியம் கிடையாது. ஆனால் "மண்ணுக்குப் போகாது" என்று எழுதியவர் எந்த மண்ணைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் எந்த மண்ணையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. எங்கள் ஆய்வகம் அப்போது திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பழைய குடோனின் பாதியில் இருந்தது. மறுபாதியில் வெங்காய மூட்டைகள். விற்பனைக்கு அனுமதி வாங்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லும்படி, திராட்சைக்கான புது மருந்து ஒன்றின் கோப்பு என் மேசைக்கு வந்தது. கொடைரோட்டுப் பக்கம் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை போட்டிருந்த காலம். அத்தனை பந்தலிலும் மாவுப்பூச்சி விழுந்திருந்தது. வெள்ளை வெள்ளையாகக் கொத்துக்குள் போய் அடைந்துகொண்டு பழத்தைப் பிசுபிசுக்க வைத்துவிடும். வியாபாரி வந்து ஒரு கொத்தைத் தூக்கிப் பார்ப்பார், விலைகூடக் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

இந்த மருந்தைத் தெளிக்கவே வேண்டாம் என்றது கோப்பு. ஒரு குவளையில் கலக்கி எடுத்துக்கொண்டு, பந்தலில் தொங்கும் ஒவ்வொரு கொத்தையும் அதற்குள் முக்கி எடுத்தால் போதும். சொட்டுவதும் குவளைக்குள்ளேயே சொட்டிவிடும். ஆகவே மண்ணுக்குப் போகாது. ஆகவே மண்புழு, மண்ணில் துள்ளித் திரியும் பொடிப் பூச்சிகள், நுண்ணுயிர்கள் எதன் மீதும் சோதனை தேவையில்லை. படித்தால் நன்றாகத்தான் இருந்தது. அதே கோப்பின் உள்ளே, அந்தப் பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, மண்ணில் பட்டால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் கிடக்கும் என்றும் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது கம்பெனியின் விற்பனை மேலாளர் சிரித்தார். மண்ணுக்கே போகாத மருந்து மண்ணில் எத்தனை மாதம் கிடந்தால் என்ன என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை.

ஒரு தோட்டத்தில் செயல்விளக்கம் வைத்திருக்கிறோம், நேரிலேயே வந்து பாருங்கள் என்றார் மேலாளர். யாருடைய தோட்டம் என்று கேட்டேன். கொடைரோட்டில் சவரிமுத்து என்பவருடையது என்றார். சவரிமுத்து என் அக்கா ரெஜினாவின் வீட்டுக்காரர். கொடைரோட்டிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் இருக்கிற இத்தனை பந்தலில் என் மச்சானின் பந்தல்தான் இவர்கள் கண்ணில் பட்டதாம். தற்செயல் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தப் பந்தலைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. கல்யாணமான புதிதில் அந்த இடம் செம்மண்ணும் சரளையுமாகக் கிடந்தது. கோடைக்குக் கோடை, மந்தை ஓட்டிவரும் கீதாரியைக் கெஞ்சிக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டு, கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அடித்து, அதை மண்ணாக்கினார். மழை பெய்த மறுநாள் அங்கே கையை வைத்தால் மணிக்கட்டு வரை உள்ளே போகும். அப்படிப்பட்ட தோட்டத்தில் தொடர்ந்து ரெண்டு காய்ப்பு மாவுப்பூச்சியால் போய்விட்டது. மூன்றாவதும் போனால் பந்தலைப் பிரித்துக் கல்லுக்காலை விற்றுவிட்டு, இந்த வயதில் மில்லில் வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான் என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள்.

செயல்விளக்கத்துக்கு நான் ஒரு கட்டு பழைய செய்தித்தாளோடு போனேன். பந்தலுக்குக் கீழே, பெண்கள் வேலை செய்யும் இடமெல்லாம் தாளை விரித்தேன். என்ன மேடம், எங்களுக்கு விருந்தா என்று அந்தப் பெண்கள் கேலி செய்தார்கள். மருந்து சொட்டுகிறதா என்று பார்க்கத்தான் தாள் என்றதும், வீம்புக்கென்றே ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் முக்கினார்கள். குவளையைக் கொத்துக்குக் கீழே பிடித்து, மெதுவாக உயர்த்தி, இறக்கி, கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே பிடித்திருந்து, அடுத்த கொத்துக்குப் போனார்கள். தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி விழுந்தது. வேலை முடிந்ததும் குவளைகளில் மிஞ்சியதைக் கம்பெனி ஆட்கள் ஒரு டிரம்மில் ஊற்றி மூடி வேனில் ஏற்றிக்கொண்டார்கள். மேலாளர் என் தாள்களைத் தானே பொறுக்கி எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தார். இப்போதாவது சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மறுநாள் போய் "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். கை கழுவ மோட்டார் ரூமுக்குப் போகாமல் இருந்திருந்தால் போட்டே இருப்பேன்.

மோட்டார் ரூமில் சுவரோரமாக அதே மருந்து இருந்தது. அஞ்சு லிட்டர் கேன்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. நான் ஈரக் கையோடு அப்படியே நின்றேன். கொத்து முக்குவதற்கு ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டு போதும் என்று அவர்கள் கோப்பே சொல்கிறது. கையகலப் பாட்டில் ஒன்றிருந்தால் மச்சானின் முழுத் தோட்டத்தையும் முக்கி எடுத்துவிடலாம். அதில் ஒரு கேனை வைத்துக்கொண்டு பேரன் கல்யாணம் வரைக்கும் முக்கலாம். அப்புறம் எதற்கு அஞ்சு லிட்டர் கேன்? சொட்டுக் கணக்கில் செலவாகும் ஒரு பொருளை எந்த வியாபாரியாவது கேன் கணக்கில் அடைப்பானா?

மச்சானிடம் கேட்டேன். அவர் ஒளிவுமறைவு தெரியாத மனுஷர். "முக்குறதுக்கு இம்புட்டு எதுக்கு? இது தூருக்கு ஊத்த" என்றார். கம்பெனி ஆட்கள்தான் சொன்னார்களாம். மாவுப்பூச்சியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற்றுவது எறும்பு. எறும்புப் புற்று இருப்பது கொடியின் தூரில், தண்டு மண்ணில் இறங்கும் இடத்தில். ஒவ்வொரு தூரிலும் மருந்தை ஊற்றி நனைத்துவிட்டால் எறும்பு சாகும், எறும்பு செத்தால் பூச்சி ஏறாது, கொத்துக் கொத்தாக முக்கிக்கொண்டிருக்கும் கூலியும் மிச்சம். கொடியை வெட்டிவிடும் அடுத்த கவாத்து முடிந்ததும் தோட்டம் முழுக்க ஊற்றப் போவதாகச் சொல்லும்போது மச்சான் முகத்தில் ரெண்டு வருஷமாக இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது.

இந்த இடத்தில் நம் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்யும் ஒரு தப்பைச் சொல்கிறேன். நாம் லேபிளைப் படிக்கிறோம். லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் கணக்குப் போடுகிறோம். லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் வரும் தப்பு இது. லேபிளில் இல்லாததைக் கம்பெனி ஆள் வாயால் சொல்லிவிட்டுப் போவான். அதற்குச் சாட்சி கிடையாது. சரக்கை எந்த அளவில் அடைத்திருக்கிறான் என்பதை மட்டும் அவனால் மறைக்க முடியாது. ஏனென்றால் விற்றாக வேண்டும்.

எங்கள் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்த வேலையில்தான் பாதிப் பேருக்குச் சம்பளம் ஓடியது, அந்தக் கவலை அவருக்கு. "செலின், லேபிள்ல முக்கன்னு போட்டுருக்கு. விவசாயி அதைத் தூருக்கு ஊத்துவான், வாய்க்கால்ல ஊத்துவான், அதுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். சாமர்த்தியமான கேள்வி. விவசாயி தானாகச் செய்தால் நாம் பொறுப்பில்லைதான், ஆனால் செய்யச் சொல்லிக் கொடுத்து, செய்வதற்குத் தோதாகக் கேனும் அடைத்து வைத்திருக்கிறார்களே என்று சொன்னேன். கேனைக் கண்ணால் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். யார் வீட்டில் என்றார். சொன்னேன். "ஒங்க மச்சானுக்கு மருந்து லேட்டாகும், தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாமல் என்ன? சோதனை வேண்டும் என்று நான் எழுதினால் மருந்து அந்தக் காய்ப்புக்குக் கடைக்கு வராது. செயல்விளக்கச் சரக்கையும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். மூன்றாவது காய்ப்பும் போகும். மறுநாள் காலையில் "மண்ணில் படும் வாய்ப்பு உள்ளது, மண்வாழ் உயிரிகள் மீதான சோதனை தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துகொண்டுதான் போட்டேன்.

மோட்டார் ரூமிலிருந்த கேன்களைக் கம்பெனி வேன் வந்து எடுத்துப் போனது. ஏன் என்று மச்சான் கேட்டதற்கு, ஆய்வகத்தில் ஒரு மேடம் தடை போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைச் சொல்லும் அவசரத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அக்கா இலையைப் போட்டாள், சோற்றைப் போட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெஞ்சனம் வேணும்னா சட்டியில இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மச்சான் கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "வேற கம்பெனிக்காரன் எதும் ஒன்ட்டச் சொன்னானா?" என்று கேட்டார். நான் காசு வாங்கியிருப்பேனோ என்று என் மச்சானுக்குச் சந்தேகம். நான் ஊரையே சந்தேகப்பட்டவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

சோதனைக்குக் கம்பெனி மறுப்பேதும் சொல்லாமல் ஒப்புக்கொண்டது. அதுவே எனக்கு உறுத்தியது. புழு சாகிறதா இல்லையா என்று பார்க்கும் சின்னச் சோதனை மட்டும் போதும் என்றார்கள். செய்தோம். ஒரு புழுகூடச் சாகவில்லை. எல்லாம் கொழுகொழுவென்று நெளிந்துகொண்டிருந்தன. மேலாளர் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். ஆய்வகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில், இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பது இருந்தது. எனக்கே தோன்றியது. என் சந்தேகத்தால் மச்சானின் ஒரு காய்ப்பு போய்விட்டதே.

ஆனாலும் தட்டுகளைக் கொட்டிவிடச் சொன்னபோது எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் ஏன் சின்னச் சோதனை மட்டும் போதும் என்றார்கள்? டைரக்டரிடம் கேட்டு, அந்தத் தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டேன். செலவு நம்முடையது, வேலை நேரத்துக்குப் பிறகு பார்த்துக்கொள் என்றார். மருந்து கலந்த தட்டுகள் ஒரு பக்கம், கலக்காத தட்டுகள் ஒரு பக்கம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி சாணம், ஒரே மாதிரி ஈரம். சில வாரம் கழித்து ரெண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தேன். மருந்தில்லாத மண்ணில் நூல் நூலாகக் குட்டிப் புழுக்கள், மஞ்சளாகக் கடுகு கடுகாக முட்டைக் கூடுகள். மருந்து கலந்த மண்ணில் பெரிய புழுக்கள் மட்டும் இருந்தன. அவையும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு குட்டி இல்லை, ஒரு கூடு இல்லை. மண்ணை விரலால் கிளறிக் கிளறித் தேடினேன். டைரக்டரையும் கூப்பிட்டுத் தேடச் சொன்னேன். அவரும் தேடினார். அடுத்த தலைமுறை இல்லாத மண்ணுக்கு எத்தனை நாள் ஆயுசு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

முழுச் சோதனையை முறைப்படி செய்தாக வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். கம்பெனி பதில் எழுதவில்லை. கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அது அவர்கள் உரிமை. இங்கே கண்ட முடிவு எதையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே நாம் எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவும் அவர்கள் உரிமை. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ ஆய்வகத்தில், லேபிளை மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் "தேவையில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். ரெண்டாயிரம் பிறந்த சமயத்தில் அந்த மருந்து கொடைரோட்டுக் கடைகளுக்கு வந்துவிட்டது. கொத்து முக்க மட்டும் என்று லேபிள். அஞ்சு லிட்டர் கேன்.

அதற்குள் மச்சானின் மூன்றாவது காய்ப்பும் போயிருந்தது. பந்தலில் ஒரு ஓரத்தைப் பிரித்துவிட்டிருந்தார். ஒருநாள் ஆள் விட்டு என்னை வரச் சொன்னார். போனேன். மோட்டார் ரூம் வாசலில் புதுக் கேன்கள். கவாத்து முடிந்து கொடியெல்லாம் மொட்டையாக நின்றன. தூருக்குத் தூர் குழி பறித்துத் தயாராக வைத்திருந்தார். ரெஜினா அக்கா வாய்க்கால் மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊத்தலாமா, வேணாமா? ஒண்ணு சொல்லு" என்றார் மச்சான்.

நான் என்ன சொல்வது? சொன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு போகும், ஆய்வகத்தின் பெயர் போகும், நாளைக்கு ஒரு கம்பெனியும் எங்களை நம்பிக் கோப்பு தராது. அத்தனை பேர் வேலையும் அதில் இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்த மண் போகும். தவிர, எனக்கே முழுசாகத் தெரியாது. நான் பார்த்தது தட்டில். தோட்டம் தட்டு இல்லை. வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது, கிடை இருக்கிறது. ஒருவேளை ஒன்றுமே ஆகாமல், பூச்சி மட்டும் ஒழிந்து, பந்தல் பிழைத்துக்கொண்டால்? நான் வாயைத் திறந்தேன், மூடினேன். காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடு. நல்ல மருந்துன்னா இம்புட்டு நேரம் யோசிக்க மாட்ட" என்றார்.

குழிகளை அவரே மூடினார். கேன்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வருஷம் ரெஜினா அக்காவும் அவரும் கூலிப் பெண்களுமாகக் கொடிக்குக் கொடி காய்ந்த பட்டையை உரித்து, அடியில் ஒளிந்திருந்த பூச்சியைக் கந்தைத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். அக்காவின் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தது. பாதிக் காய்ப்பு தேறியது. பந்தல் நின்றது. அக்கா என்னோடு பேச ஆரம்பித்தாள். வாக்கையும் காப்பாற்றிவிட்டேன், மண்ணையும் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எனக்கு. ரொம்பச் சாமர்த்தியக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மச்சான் தோட்டத்துக்கு மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னையா என்பவரின் பந்தல். மச்சானைவிட வயதில் மூத்தவர், நல்ல உழைப்பாளி. மச்சான் திருப்பிக் கொடுத்த கேன்களை அதே வாரம் கடையில் வாங்கி வந்தவர் அவர்தான். தூருக்குத் தூர் ஊற்றினார். அந்த வருஷம் அவருக்குக் காய்ப்பு பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பூச்சி இல்லை. வேலியோரம் என்னைப் பார்த்துவிட்டு, ரெஜினாவின் தங்கச்சிதானே என்று கூப்பிட்டு, ஒரு கூடைப் பழத்தை மறுக்க மறுக்க என் கையில் திணித்தார். நன்றாகத் திரண்ட பழம். நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் ஊற்றினார். அதற்கடுத்த வருஷமும் ஊற்றினார். அப்புறம் அவர் தோட்டத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்க ஆரம்பித்தது. மண் இறுகிப்போய் மண்வெட்டி துள்ளியது. கிடை போட்டுப் பார்த்தார், வண்டல் அடித்துப் பார்த்தார். கொடி ஒவ்வொன்றாகக் காய்ந்தது. ஒருநாள் லாரி வந்து கல்லுக்கால்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்த மருந்தால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கிணற்றுத் தண்ணீரும் உப்பாகிக்கொண்டு வந்தது, கொடியும் பழசு. சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். செய்யவில்லை. அதனால் சந்தேகம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, அது போகவும் போகாது.

லாரி போன அன்று நான் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. "அவர் ஊத்துறப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மச்சான்?" என்று கேட்டேன்.

மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "என்னன்னு சொல்ல? எங்கொழுந்தியா வாயத் தெறக்கல, அதனால நீரும் ஊத்தாதேயும்னா? எனக்குக் கேக்குறதுக்கு நீ இருந்த. அவரு யார்ட்டப் போய்க் கேப்பாரு?"

பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். மறுநாள் என் மேசையில் வேறொரு கோப்பு இருந்தது, "தேவையில்லை" என்று முதல் பக்கத்திலேயே எழுதி. உங்கள் மேசைக்கும் வரும். அந்தக் கோப்பை அனுப்பிய கம்பெனிக்கு டைரக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். என் மச்சானுக்கு நான் இருந்தேன். பொன்னையாவுக்கு இருந்தது, அவர் ஊற்றிய மருந்தின் கோப்பில் எங்கோ ஒருவர் போட்ட கையெழுத்து மட்டும்தான்.